மொட்டை மாடி இல்லாதவர்களுக்கும் சூரிய மின்சாரம்

காலநிலைக் கொள்கையைப் பொருளாதாரம் படித்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள், பொறியியல் மாணவருக்குப் பேனலும் இன்வெர்ட்டரும் தெரிந்தால் போதும் என்ற எண்ணம் நம் கல்லூரிகளில் ஊறிப்போயிருக்கிறது. இறுதியாண்டு புராஜெக்டுக்காக ஒரு வீட்டின் சூரிய மின்சாரத்தைக் கணக்கிடும் மாணவரைக் கவனித்தால் இதிலுள்ள பிழை தெரியும். டேப் பிடித்து மொட்டை மாடியை அளக்கிறார். கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் இடத்தைக் கழிக்கிறார். சென்னை என்றால் தெற்கு பார்த்து ஏறத்தாழ 13 டிகிரி சாய்வு. எல்லாம் சரியாக வருகிறது. மாடி யாருடையது என்பது மட்டும் கணக்கில் வருவதே இல்லை.

2024-ல் வந்த வீட்டுக்கூரை சூரிய மின்திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. அதைப் பெறச் சொந்தக் கூரை வேண்டும். வாடகைக்கு இருப்பவர் என்ன செய்வார்? வடசென்னையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடுகள் பேனலின் எடையையும் காற்றின் இழுப்பையும் தாங்காது. மதியத்தில் அந்த ஷீட்டுக்கு அடியில் ஃபேன் போட்டால் அனல்தான் இறங்கும். தமிழ்நாட்டில் வெப்ப அலை 2024-ல் மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. அந்த வெப்பத்தை அதிகம் சுமப்பவர்களுக்குத்தான் இந்த மானியம் எட்டவில்லை.

அதிக மின்சாரம் செலவழிப்பவர் பேனல் போட்டால் நிலக்கரி மிச்சமாகும், ஊருக்கே நல்லதுதானே என்பார்கள். உண்மைதான். ஆனால், அதிகக் கட்டணம் கட்டுபவர்கள் மின்சாரம் வாங்குவதைக் குறைக்கும்போது, கம்பிக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஆகும் செலவில் கூடுதல் பங்கு மற்றவர்கள் தலையில் விழும். உலக அளவிலும் இதே ஏற்றத்தாழ்வுதான்: ஓர் அமெரிக்கரின் ஆண்டு கரியமில வாயு வெளியீடு சுமார் 14 டன், இந்தியருடையது 2 டன் அளவே. பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, சுமை மட்டும் ஒரே அளவாக இருக்க முடியாது என்ற கொள்கை 1992-ன் ஐ.நா. காலநிலை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நாடுகளுக்கிடையே நாம் கேட்கும் அந்த நியாயம் நம் தெருக்களுக்கிடையிலும் வேண்டும்.

வழி இருக்கிறது. பொது இடமொன்றில் பேனல் வைத்து, கிடைக்கும் யூனிட்டுகளைப் பல வீடுகளின் பில்லில் கழிக்கலாம். டெல்லியில் இதற்கு விதிமுறைகளே உண்டு. யாருக்கு எத்தனை யூனிட், வாடகைதாரர் வீடு மாறினால் அவர் பங்கு என்னாகும் என்பதையெல்லாம் மீட்டரும் மென்பொருளும் தெரிந்தவர்கள்தான் வடிவமைக்க வேண்டும். இறுதியாண்டு மாணவர்களே, வழிகாட்டும் பேராசிரியர்களே, இந்த ஆண்டு புராஜெக்டுக்கு ஒரு ஷீட் வீட்டுத் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள்.