தரையில் காத்திருக்கும் தெள்ளு

பூனைக்கு மருந்துத் தண்ணீர் ஊற்றிக் குளிப்பாட்டி, ரோமத்தை விலக்கிப் பார்த்தால் ஒரு தெள்ளுகூடத் தென்படாது. நாலைந்து நாள் போனால் பழையபடி கழுத்தோரம் ஓடும். பூனையும் பின்னங்காலால் பறபறவென்று சொறிந்துகொண்டே இருக்கும். மருந்தில்தான் ஏதோ கோளாறு என்று தோன்றும். ஆனால் நாம் பார்க்கத் தவறிய இடம் பூனை படுத்து எழுந்த தரை.

பூனைமேல் ஓடுபவை வளர்ந்த தெள்ளுகள் மட்டுமே. ஒரு வீட்டிலுள்ள தெள்ளுக் கூட்டம் முழுவதையும் எண்ணினால், அவை நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருக்கும் என்பது பூச்சியியலாளர்களின் பொதுவான கணக்கு. மீதியில் பெரும்பகுதி முட்டையும் புழுவும், கொஞ்சம் கூட்டுப்புழு. இவையெல்லாம் இருப்பது திண்ணை விரிசலில், கட்டில் அடியில், கிழிந்த சாக்கில், கட்டுத்தரையின் மண்புழுதியில்.

அங்கெல்லாம் அவை எப்படிப் போகின்றன என்பதற்கு நாமக்கல் பக்கத்து மல்லசமுத்திரத்தையே பார்க்கலாம். பருத்தி ஏலம் நடக்கிற ஊர். சுற்றிலும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளையும் காடுகள். மூட்டை இருக்கும் இடத்துக்கு எலி வரும். எலிக்காகப் பூனையை வைத்திருப்பார்கள். அது மூட்டைச் சந்தில் தூங்கி, ஆட்டுப்பட்டி வழியாகப் போய், அடுப்படியில் வந்து சுருண்டுகொள்ளும். போகிற இடமெல்லாம் முட்டை உதிரும்.

பூனைத் தெள்ளு பூனையின் இரத்தத்தைக் குடித்த ஓரிரு நாளிலேயே முட்டையிடத் தொடங்கிவிடுகிறது. நல்ல பருவத்தில் ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40, 50 முட்டைகள் இடும். அரை மில்லிமீட்டர் அளவுள்ள அந்த வெள்ளை முட்டை ரோமத்தில் ஒட்டாது. வழுக்கித் தரையில் விழும். தாய் தன் எடையைப் போலப் பல மடங்கு இரத்தத்தைத் தினமும் உறிஞ்சி, அதில் செரிக்காததைக் கழிவாக வெளியேற்றுகிறது. உலர்ந்து கருந்துகள்களாக உதிரும் அந்த இரத்தம்தான் தரையில் பொரிக்கும் புழுக்களின் தீனி. பிள்ளைகளைப் பார்க்கவே பார்க்காத தாய், பூனை முதுகில் இருந்தபடியே அவற்றுக்குச் சோறு போடுகிறது. பூனையைச் சீவும்போது விழும் கருந்துகளை ஈரப் பஞ்சில் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பாகச் சாயம் இறங்கினால் அது அழுக்கல்ல, இரத்தம்.

புழு வெளிச்சத்துக்கு அஞ்சி இருட்டுக்குள் நுழையும். அதற்குக் காற்றில் பாதிக்குமேல் ஈரப்பதம் வேண்டும். வெயில் நேராகப் படும் மண்ணில் அது பிழைக்காது. 35 டிகிரியைத் தாண்டிய வெப்பமும் ஆகாது. எனவே சேலம், நாமக்கல் சமவெளியின் சித்திரை வெயில் திறந்த வாசலைத் தானாகவே சுத்தம் செய்துவிடுகிறது. புரட்டாசி, ஐப்பசி மழையில் நிழலான மூலைகளில் ஈரம் தங்கும்போதுதான் தெள்ளு பெருகுகிறது.

வியப்பெல்லாம் கூட்டுப்புழுவில் இருக்கிறது. புழு தன்னைச் சுற்றிப் பட்டுக்கூடு கட்டுகிறது. ஒட்டும் தன்மையுள்ள அந்தக் கூட்டின்மேல் மண்ணும் தூசும் அப்பிக்கொள்வதால் கண்ணுக்கே தெரியாது. மருந்தும் எளிதில் உள்ளே இறங்காது. உள்ளே தெள்ளு முழுதாக வளர்ந்த பிறகும் அவசரப்படுவதில்லை. உணவு வரும் அறிகுறி கிடைக்கும்வரை சில மாதங்கள்கூட அசையாமல் கிடக்கும். தரை அழுந்துவது, உடல் வெப்பம், மூச்சுக்காற்றின் கரியமில வாயு ஆகியவையே அந்த அறிகுறிகள். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து காலை வைத்ததும் கணுக்காலில் சுருக்கென்று கடிப்பது இப்படி அப்போதுதான் விழித்தெழுந்த தெள்ளுதான்.

விழித்த தெள்ளுக்குச் சிறகில்லை, தாவல்தான் வழி. தசையால் மட்டும் அவ்வளவு வேகமாக உதைக்க முடியாது. மார்புப் பகுதியில் ரெசிலின் என்ற மீள்புரதம் இருக்கிறது. தசை அதை மெல்ல அழுத்தி வைக்க, ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது விடுபட்டுத் தெள்ளைத் தூக்கி எறிகிறது. உந்துவது தெள்ளின் எந்த உறுப்பு என்று பல பத்தாண்டுகள் விவாதம் நடந்தது. 2011-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பர்ரோஸ், சட்டன் இருவரும் அதிவேகக் கேமராவில் படம்பிடித்து, காலின் நுனிப்பகுதியே தரையை உதைக்கிறது என்று காட்டினார்கள்.

இவ்வளவு திறமைசாலியை விரட்டும் ஆத்திரத்தில் கைக்குக் கிடைத்த மருந்தைப் பூனைமேல் பூசிவிடக் கூடாது. நம் பக்கத்து வீடுகளில் மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்து எப்போதும் அலமாரியில் இருக்கும். மாட்டுக்கும் நாய்க்கும் ஏற்றது பூனைக்கு நஞ்சாகலாம். நம் உடலில் பல நச்சுப் பொருள்களோடு ஈரல் ஒரு சர்க்கரை அமிலத்தை இணைத்து, அவற்றைச் சிறுநீரில் கரைத்து அனுப்புகிறது. பூனையின் ஈரலுக்கு இந்த வேலை சரியாக வராது. இதற்கான மரபணுக்களில் ஒன்று பூனையில் செயலிழந்து கிடப்பதை 2000-இல் கோர்ட், கிரீன்பிளாட் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இறைச்சியையே தின்று வாழ்ந்த விலங்குக்குச் செடிகளின் நஞ்சை முறிக்கும் திறன் தேவைப்படாமல் போயிருக்கலாம். இதனால்தான் பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்கிறது. நாய் மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் தருகிறது. பினாயில், கற்பூரம், வேப்பெண்ணெய் ஆகியவற்றையும் தள்ளியே வையுங்கள். பூனை தன்மேல் பட்டதையெல்லாம் நக்கி விழுங்கும்.

செய்ய வேண்டியவை எளியவை. பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். சாக்குகளை உதறிக் காயவையுங்கள். கட்டில் அடியையும் மூட்டைச் சந்தையும் சீமாறு போட்டுக் கூட்டி, குப்பையை அன்றன்றே எரித்துவிடுங்கள். தரை விரிசலை அடைத்தால் புழுவுக்கு இடமில்லை. பூனையைப் பேன் சீப்பால் சீவி, விழும் தெள்ளுகளைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பால்குடிக்கும் குட்டிகளுக்கு இந்தச் சீப்பு ஒன்றே போதும். ஆனால் ஈறு வெளுத்துச் சோர்ந்திருந்தால் இரத்தம் குறைந்திருக்கிறது என்று பொருள், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மலத்தில் அரிசி போலத் துண்டுகள் தெரிந்தால் தெள்ளை விழுங்கியதால் வந்த நாடாப்புழு; அதற்குத் தனி மருந்து உண்டு.

பூனைக்கென்றே உள்ள பிடரிச் சொட்டு மருந்தை எடைக்கேற்பக் கால்நடை மருத்துவர் தருவார். 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கும் நாமக்கல் நமக்குப் பக்கம்தான். வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் அதனதன் மருந்தை ஒரே சமயத்தில் போட்டு, மூன்று மாதமாவது தொடருங்கள். இடையில் புதுத் தெள்ளு தெரிந்தால் மருந்து தோற்றது என்று நிறுத்திவிட வேண்டாம். பழைய கூடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. வெளிவரும் தெள்ளு மருந்து போட்ட பூனைமேல் ஏறி, முட்டையிடும் முன்பே சாகிறது. தரையில் இருக்கும் கடைசிக் கூடு திறக்கும்வரை பொறுத்தவர்களின் வீட்டில்தான் தெள்ளு ஒழியும்.