இழுவையைக் கூட்டுமுன் சூட்டைக் கவனியுங்கள்

முசிறி, தொட்டியம் பக்கம் ஒரு பிக்கப் வண்டி ஒரே நாளில் பல வேலை பார்க்கிறது. விடியற்காலையில் மண்டிக்கு வாழைத்தார், வெயில் ஏறியபின் கோரைப்பாய்க் கட்டு, திரும்பும்போது உரமூட்டை, சாயங்காலம் வீட்டு ஆட்களோடு குளித்தலைக்கோ திருச்சிக்கோ ஒரு நடை. இப்படித் தினமும் ஓடும் வண்டிக்கு இழுவையும் வேண்டும், பாதி வழியில் படுத்துக்கொள்ளாத குணமும் வேண்டும். ஒன்று கூடினால் மற்றது குறையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் டீசல் என்ஜினின் ஆயுளைத் தின்பது சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற வழிசெய்யாமல் இழுவையை மட்டும் கூட்டும்போதுதான் வண்டி கைவிடுகிறது.

வாழைத்தார் ஏற்றிய வண்டி ஈரமான வாய்க்கால் ஓரத்து மண்பாதையிலிருந்து தார்ச்சாலைக்கு மேடேறுவதைக் கவனியுங்கள். முதல் கியர், சக்கரம் மெதுவாகத்தான் உருள்கிறது, ஓட்டுநரின் கால் கிளட்சை முழுதாக விடாமல் பாதியில் நிற்கிறது. அந்த நேரத்தில் வேகத்தால் பயனில்லை, குறைந்த சுற்றில் கிடைக்கும் முறுக்குவிசைதான் வண்டியை மேலேற்றும். மாருதி ஸ்விஃப்ட்டில் வந்த நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின் 80க்கு மேல் குதிரைத்திறன் தரும். ஆனால் அதன் உச்ச முறுக்குவிசை 113 நியூட்டன் மீட்டர், அதுவும் நிமிடத்துக்கு 4,000 சுற்றைத் தாண்டிய பிறகு. மஹிந்திரா பொலேரோ பிக்கப்பின் 2.5 லிட்டர் டீசல் என்ஜினுக்கு ஏறத்தாழ 75 குதிரைத்திறன்தான். முறுக்குவிசையோ சுமார் 200 நியூட்டன் மீட்டர், அதுவும் 1,400 சுற்றிலேயே. குதிரைத்திறனை மட்டும் பார்த்து லோடு வண்டியை எடைபோடுவது தவறு என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

'இழுக்கவில்லை' என்றதும் பட்டறையில் வரும் யோசனை, சிப் மாட்டுவது அல்லது என்ஜின் கணினியின் கணக்கை மாற்றுவது. இழுவை கூடும், சந்தேகமில்லை. கூடுதல் டீசலும் கூடுதல் டர்போ அழுத்தமும் சேர்ந்து செய்யும் வேலை அது. டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்காதபோது கரும்புகை வரும். முழுதாக எரியாமல் போன டீசல்தான் அந்தப் புகை, காசும் அதோடு போகிறது. புகைபோக்கிக்குள் போகும் வாயுவின் சூடு முழு லோடில் 700 டிகிரியையும் தாண்டலாம். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அலுமினியக் கலவையிலான பிஸ்டன் உருகாமல் இருப்பதற்கு, அடியில் பீய்ச்சும் ஆயிலும் சுற்றிலும் ஓடும் கூலன்டும் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டே இருப்பதுதான் காரணம். அவற்றின் கொள்ளளவை அப்படியே விட்டு நெருப்பை மட்டும் கூட்டினால் என்ன ஆகும்? அமெரிக்க என்ஜின் நிறுவனமான கம்மின்ஸ் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. 1989இல் டாட்ஜ் பிக்கப்பில் வந்த அதன் 5.9 லிட்டர் என்ஜின் 160 குதிரைத்திறனும் 540 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்குவிசையும் தந்தது. 2019இல் அதன் வாரிசான 6.7 லிட்டர் என்ஜின் 1,350 நியூட்டன் மீட்டரைத் தொட்டபோது, என்ஜின் பிளாக்கின் இரும்பையே வலுவான வேறு வார்ப்புக்கு மாற்றியிருந்தார்கள்.

'சிப் மாட்டி வருஷக்கணக்காக ஓட்டுகிறார்களே' என்று கேட்கலாம். வெறும் ஆளை ஏற்றி ஓடும் கார், முழு டீசலைக் கேட்பது முந்திச் செல்லும் சில நொடிகள்தான். காரவள்ளியிலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை லோடோடு ஏறும் வண்டி அதை விடாமல் கேட்கும். ஒரே சிப், இரண்டு விதமான முடிவு. 'பம்பு வைத்த பழைய என்ஜின்போல் வராது' என்பது இன்னொரு வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது. இன்றைய காமன் ரெயில் அமைப்பில் டீசல் 1,600 பார் அழுத்தத்தில் பாய்கிறது. சிறு தூசியும் துளித் தண்ணீரும் இன்ஜெக்டரைக் கெடுத்துவிடும். அதற்கு மருந்து நல்ல ஃபில்டரைக் காலத்தில் மாற்றுவதும், அதன் அடியில் தேங்கும் தண்ணீரைத் திறந்துவிடுவதும்தான். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளில் பலவற்றில் கரி வடிகட்டி உண்டு. உள்ளூரிலேயே சிறு சிறு நடையாக ஓடினால் கரியை எரிக்கத் தேவையான 600 டிகிரி அளவுச் சூடு அதற்குக் கிடைக்காது. வாரம் ஒருமுறை திருச்சிவரை ஒரே சீராகப் போய்வருவது, வடிகட்டியைப் பிடுங்கி எறிவதைவிட மலிவு, சட்டத்துக்கும் உட்பட்டது.

எனவே செலவுக்கு ஒரு வரிசை இருக்கிறது. வாங்கும்போதே லோடுக்கு ஏற்ற வண்டி. அடுத்தது ரேடியேட்டர்: கோரைத் தூசியும் வைக்கோல் துணுக்கும் அடைத்த இடுக்குகளைச் சுத்தம் செய்வது, போர் தண்ணீரை ஊற்றாமல் கூலன்ட் ஊற்றுவது. பிறகு ஆயில், கிளட்ச், பிரேக், டயர். ஏற்றம் ஏறி நின்றதும் ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டால், கொதிக்கும் டர்போவுக்கு ஆயில் கிடைக்கும். கூடுதல் ஸ்பிரிங் பட்டை போட்டு அதிக லோடு ஏற்றுவது கணக்கில் சேராது. பட்டை கூடினாலும் பிரேக்கும் அச்சும் பழையவைதான். 2019 திருத்தச் சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பெரிய வண்டிக்கு முதல் அதிகம் என்பது நியாயமான கவலை. ஆனால் அந்தக் கூடுதல் முதலீட்டில் என்ஜினோடு கியர்பாக்ஸும் பிரேக்கும் குளிரூட்டலும் சேர்ந்தே வருகின்றன. சிப்புக்குக் கொடுக்கும் காசில் வருவது இழுவை மட்டும்.