பத்துக் கோடி ஆண்டுச் சுருளை எங்கே வைப்பது?

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையைத் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிவந்தன. டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறந்தது. நிலவியலாளர்கள் வந்து பார்த்தார்கள். முட்டையும் இல்லை, டைனோசரும் இல்லை. அம்மோனைட் சார்ந்த படிவுகள் என்றார்கள். அத்தோடு பரபரப்பு அடங்கிவிட்டது. உண்மையில் அங்கேதான் செய்தி தொடங்கியிருக்க வேண்டும்.

அம்மோனைட்டைப் பார்த்தவுடன் நத்தை என்றுதான் நினைப்போம். அது கணவாய்க்கும் ஆக்டோபஸுக்கும் உறவு. சுருள் ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுப்புகள். கடைசி அறையில் மட்டும் பிராணி குடியிருக்கும். மற்ற அறைகள் மிதப்பதற்கு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த அதே பேரழிவில் இவையும் அழிந்தன. அதற்கு முன்பு கிரெட்டேசியஸ் காலத்தில் இன்றைய அரியலூரும் பெரம்பலூரும் கடல். காரை கிராமத்தை ஒட்டிய செம்மண்ணும் களிமண்ணும் கலந்த ஓடை வெட்டுகளில் நடந்தால், ஜிப்சத் தகடுகள் வெயிலில் பளபளக்க, இடையிடையே வரியோடிய சுருள் துண்டுகள் கிடக்கும்.

வெளியுலகம் இதை அறிந்தது 1840-களில். சென்னை மாகாண அதிகாரிகளான கே, கன்லிஃப் இருவரும் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டியதை லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-இல் அவற்றை விவரித்து எழுதினார். பிறகு பிளான்ஃபோர்ட் நிலவியல் வரைபடம் போட்டார். மொராவியாவில் பிறந்து கல்கத்தாவுக்கு வேலைக்கு வந்த ஸ்டோலிச்கா, தென்னிந்திய கிரெட்டேசியஸ் உயிர்களைப் பற்றிப் பெருந்தொகுதிகளாக எழுதி 1873-இல் முடித்தார். மறு ஆண்டே லடாக்கில் இறந்துபோனார். அவர் பெயரில் ஒரு அம்மோனைட் பேரினம் உண்டு. திருச்சிக்கு அருகிலுள்ள ஊட்டத்தூரின் பெயரிலும் ஒன்று உண்டு: உடாட்டுரிசெராஸ். நம் ஊர்ப் பெயர் உலக அறிவியல் ஏட்டில் ஏறியிருப்பது அந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சேகரிப்பவர்களுக்குப் பெரிய சுருள் என்றால் தனி மோகம். ஜெர்மனியின் செப்பன்ராடே கல்குவாரியில் 1895-இல் கிடைத்ததுதான் இதுவரை அறியப்பட்டதில் மிகப் பெரியது. குறுக்களவு சுமார் 1.74 மீட்டர்; எடை ஏறக்குறைய மூன்றரை டன். அதிலும் பிராணி குடியிருந்த கடைசி அறையின் பெரும்பகுதி இல்லை. முழு ஓடு இரண்டரை மீட்டராவது இருந்திருக்கும் என்று லான்டுவா கணக்கிட்டார். பாதிரியாராகவும் விலங்கியலாளராகவும் இருந்த அவர் அதை விவரித்து எழுதியதோடு நிற்காமல், பக்கத்து நகரமான மூன்ஸ்டரின் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு சேர்த்தார். இன்றும் அது அங்கேதான். உலக அருங்காட்சியகங்கள் பலவற்றில் நாம் பார்ப்பது அதன் அச்சு வார்ப்பு.

இதற்கு நேர்மாறு கனடா. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஃபெர்னி ஊருக்கு அருகே 1947-இல் ஆய்வுக்குப் போன குழு, லாரி டயர் ஒன்று கல்லாகிக் கிடப்பதாகச் செய்தி அனுப்பியது. அது 1.4 மீட்டர் அம்மோனைட். யாரும் அதைத் தூக்கவில்லை. பார்க்க ஆசைப்படுபவர்கள் காட்டுப் பாதையில் நடந்துபோய்ப் பார்க்கிறார்கள். பிரான்சின் தீன் நகருக்கு வெளியே சாய்ந்து நிற்கும் ஒரே பாறைத் தளத்தில் 1,500-க்கும் மேற்பட்ட அம்மோனைட்டுகள், சில 70 சென்டிமீட்டர் வரை. அதை வெட்டி விற்றிருந்தால் எத்தனை வரவேற்பறைகள் நிறைந்திருக்கும்! பாதுகாக்கப்பட்ட இடமாக்கிச் சாலையோரத்தில் அப்படியே விட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், பெரிய அம்மோனைட்டுக்கு இதுதான் முதல் மரியாதை.

எடுத்தே ஆக வேண்டிய நிலையும் வரும். மழை அரிக்கும், கடல் அடிக்கும், பொக்லைன் வரும். அப்போது கைப்பக்குவம் வேண்டும். குறுக்களவு இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்காகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புகிறார்கள், நடுச்சுருள் கையில் வருகிறது, வெளிச்சுருள் பொடியாகிறது. அனுபவசாலிகள் சுற்றியிருக்கும் பாறையோடு சேர்த்தே எடுப்பார்கள். உடைந்தால் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, தனித்தனியே பொதிவார்கள். ஒட்டுவதற்கும் இறுக்குவதற்கும் அருங்காட்சியகங்களில் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் கரைத்துப் பயன்படுத்துகிறார்கள். தவறு நேர்ந்தால் மறுபடி கரைத்து எடுத்துவிடலாம் என்பதே அதன் சிறப்பு. நம் கடைகளில் கிடைக்கும் எபாக்ஸிக்கு அந்தக் கருணை கிடையாது.

வார்னிஷ் பூசிப் பளபளப்பாக்குவது எனக்கு அறவே பிடிக்காது. அம்மோனைட்டின் அழகு வரிகளிலும், மேலோடு உதிர்ந்த இடத்தில் தெரியும் இலை விளிம்பு போன்ற தடுப்புக் கோடுகளிலும் இருக்கிறது. நேர் மேலிருந்து விளக்குப் போட்டால் அவை மறைந்துவிடும். பக்கவாட்டில் சாய்வாக வெளிச்சம் விழ வேண்டும். சுவரில் மாட்டும் ஆசையை விடுங்கள். தரையோடு ஒட்டிய இரும்புத் தாங்கி, நடுவில் மெத்தென்று பஞ்சுப் பொருள், அவ்வளவுதான். பைரைட் கலந்த படிவமானால் ஈரம் எமன்: காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் பைரைட் சிதைந்து அமிலம் உண்டாகும், மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடி பூத்து, சில ஆண்டுகளில் படிவம் உதிர்ந்தே போகும். சென்னையின் ஐப்பசி மாதத்தை அது தாங்காது.

காசு கொடுத்து வாங்குபவர்களுக்கு ஒரு சொல். சந்தையில் வரும் மொராக்கோ அம்மோனைட்டுகளில் கல்லில் வரி செதுக்கியவையும், பல துண்டுகளைக் கல்பொடிப் பசையால் இணைத்தவையும் உண்டு. எல்லா வரியும் ஒரே ஆழத்தில், ஒரு பிசிறும் இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

போலியைவிட என்னை வருத்துவது ஊர் பேர் இல்லாத அசல். எந்த ஊர், எந்த ஓடை, எந்தப் படுகை என்ற குறிப்பு இல்லாத அம்மோனைட் வெறும் அலங்காரக் கல். அம்மோனைட் இனங்கள் விரைவாகத் தோன்றி விரைவாக மறைந்தவை. அதனால்தான் ஒரு பாறை அடுக்கின் வயதைச் சொல்ல அவை உதவுகின்றன. மண்ணிலிருந்து குறிப்பின்றிப் பிரித்தெடுத்த கணமே அந்தச் சாட்சியம் போய்விடுகிறது.

நம் நாட்டில் புதைபடிவங்களுக்கென்று முழுமையான சட்டம் வராமலே காலம் ஓடியது. புவிமரபுச் சின்னங்களைக் காக்கும் வரைவு மசோதாவைக் கருத்துக் கேட்டு ஒன்றிய அரசு வெளியிட்டதே 2022-இல்தான். ஸ்டோலிச்கா ஆராய்ந்த மூலப் படிவங்கள் கொல்கத்தாவில், கே அனுப்பியவை லண்டனில். அன்று வேறு வழியில்லை. இன்று அரியலூர் அருகே வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. இனிமேல் கிடைக்கும் பெரிய சுருள், குறிப்பட்டையோடு அங்கே இருக்கட்டும். மாவட்டத்துப் பிள்ளைகள் முதலில் பார்க்கட்டும்.

வயலிலோ ஓடையிலோ பெரிய சுருள் கண்ணில் பட்டால் நெம்பாதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள், செல்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அருங்காட்சியகத்துக்கோ அருகிலுள்ள கல்லூரியின் நிலவியல் துறைக்கோ தகவல் கொடுங்கள்.