பட்டு நூலில் ஒரு மின்கலம்

வீட்டுக் கடிகாரம் நின்றுவிட்டால் பழைய செல்லைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் போடுகிறீர்கள். எறிந்த செல் எங்கே போகிறது என்று எண்ணியதுண்டா? எங்கள் ஆரணியில் அது மழைநீரோடு கமண்டல நாகநதி வரை போய்விடக்கூடும். மக்காத பொருள் அது. ஆனால் அதே ஆரணியின் தறிகளில் ஓடும் பட்டு, மக்கும் மின்கலத்துக்கு வழிகாட்டுகிறது என்றால் வியப்பாக இல்லையா?

மின்கலத்தில் இரண்டு மின்முனைகளுக்கு இடையே மின்பகுளி இருக்கிறது. அயனிகளை அது கடத்த வேண்டும். எலெக்ட்ரான்களைக் கடத்தக் கூடாது. வழக்கமாக இது நீர்மமாகவோ பசையாகவோ இருக்கும். உப்பு கலந்த பிளாஸ்டிக்கும் அயனிகளைக் கடத்தும் என்று 1970-களில் இங்கிலாந்தில் ரைட் என்பவரும் அவருடைய குழுவினரும் கண்டனர். 1978-இல் பிரான்சு நாட்டு அர்மாண்ட், இதை மின்கலத்தில் பயன்படுத்தலாம் என்றார். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் பெட்ரோலியத்திலிருந்து வருவது.

இனி பட்டுக்கு வருவோம். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பிசின். சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்க வைத்து அதை நீக்குகிறார்கள். எஞ்சுவது ஃபைப்ராயின் என்ற புரதம். இயற்கை தந்த பலபடி. இதை லித்தியம் புரோமைடு கரைசலில் கரைத்து, உப்பைப் பிரித்தெடுத்து, தட்டில் ஊற்றி உலர்த்தினால் கண்ணாடி போன்ற மெல்லிய ஏடு கிடைக்கும். தகுந்த அயனிச் சேர்மத்தை அதில் சேர்த்தால், அதுவே மின்பகுளி!

2017-இல் ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகத்தார் இவ்வாறே ஒரு மெல்லிய மக்னீசியம் மின்கலம் செய்தனர். புரதத்தைச் சிதைக்கும் நொதிக் கரைசலில் அது சுமார் 45 நாட்களில் சிதைந்தது.

இங்கே நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். பாட்டியின் கல்யாணப் புடவை ஐம்பது ஆண்டுகள் பெட்டியில் கெடாமல் இருக்கிறதே, பட்டு எப்படி மக்கும்?

விடை பட்டின் உள்ளமைப்பில் இருக்கிறது. புரதச் சங்கிலிகள் சில இடங்களில் படிகம்போல் இறுகி அடுக்கப்பட்டுள்ளன. சில இடங்களில் தளர்ந்து கிடக்கின்றன. தறியில் பாவு இழைகள் விரிந்து வழிவிட்டால்தானே நாடா ஓடும்? அயனிகளும் தளர்ந்த பகுதி வழியாகவே நகர்கின்றன. நொதிகளும் முதலில் அங்கேதான் கடிக்கின்றன. ஏட்டை ஆல்கஹாலில் நனைத்தால் இறுகிய பகுதி கூடும். ஆயுள் நீளும், ஆனால் அயனிகளின் வழி குறையும். தளர்த்தினால் அயனிகள் எளிதில் ஓடும், ஏடோ விரைவில் கரையும். இரண்டையும் ஒரே திருகாணி ஆள்கிறது. என்னைக் கேட்டால், இத்துறையின் சுவையும் தொல்லையும் இதுதான்.

இக்கலங்கள் தரும் ஆற்றல் இன்னும் மிகக் குறைவு. டார்ச் விளக்குக்குப் போதாது. பட்டு விலையும் அதிகம். கோவையில் பேராசிரியர் செல்வசேகரபாண்டியனும் அவருடைய குழுவினரும் புளியங்கொட்டையிலிருந்து எடுத்த பலபடியில் மின்பகுளி செய்து ஆராய்ந்திருக்கிறார்கள். புளியங்கொட்டை மாவு நூலுக்குக் கஞ்சி போடவும் பயன்படுவதுதான்!

நீங்களும் ஒன்று செய்து பாருங்கள். கெட்டியான அரிசிக் கஞ்சியில் சிறிது உப்பைக் கலந்து, ஒரு செப்புத் தகட்டையும் துத்தநாகத் தகட்டையும் ஒன்றையொன்று தொடாமல் செருகுங்கள். வோல்ட்மீட்டர் ஏறக்குறைய முக்கால் வோல்ட் காட்டும். பிறகு ஒரு மில்லி அம்மீட்டரை இணைத்து மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கஞ்சியை நன்றாகக் காயவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள்.