நாவுக்குப் பாடம் சொல்லித் தந்தது யார்?

மாலை நான்கு மணி. பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு அம்மா ஒரு கிண்ணத்தில் சுண்டல் வைத்திருக்கிறார். பிள்ளை அதை ஓரமாகத் தள்ளிவிட்டு, கடையில் வாங்கிய சிப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கிறது. "சாப்பிடு கண்ணு, உடம்புக்கு நல்லது" என்கிறார் அம்மா. "வேண்டாம், நல்லாவே இல்ல" என்கிறது பிள்ளை.

நம் வீடுகள் பலவற்றில் அன்றாடம் நடக்கும் காட்சி இது. பிள்ளையை மட்டும் குறை சொல்வானேன்? சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கும் நாமும், திருமண வீட்டில் ஜாங்கிரியைக் கண்டால் "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்றுதான் கை நீட்டுகிறோம்.

உடலுக்குக் கேடு செய்பவை ஏன் நாவுக்கு இவ்வளவு ருசிக்கின்றன? நல்லவை ஏன் சப்பென்று தோன்றுகின்றன? இதற்கு மூன்று காரணங்கள் உண்டு. முதல் இரண்டும் பெரும்பாலும் நம் கையில் இல்லை. மூன்றாவது நம் கையிலேயே இருக்கிறது.

முதல் காரணம், நம் உடலின் பழைய பசி. மனித இனம் தன் வரலாற்றின் பெரும்பகுதியைப் பற்றாக்குறையில்தான் கழித்தது. அன்று இனிப்பு என்றால் பழுத்த கனி அல்லது தேன்; உடனே கிடைக்கும் ஆற்றல். கொழுப்போ அதைவிட மேலானது. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். இவற்றைக் கண்ட இடத்தில் விரும்பி உண்டவர்கள் பிழைத்தார்கள். கசப்போ பல நச்சுச் செடிகளின் அடையாளம். அதனால்தான் இனிப்பை உணர ஒரே ஒரு முதன்மை உணர்வாங்கியை வைத்திருக்கும் நம் நாக்கு, கசப்பை உணர ஏறத்தாழ 25 வகைகளை வைத்திருக்கிறது. பிறந்த குழந்தையின் உதட்டில் இனிப்புத் துளி பட்டால் சப்புகிறது. கசப்பு பட்டால் முகம் சுளிக்கிறது. யாரும் கற்றுக்கொடுத்து அல்ல. ஆகவே, கீரையை ஒதுக்கும் பிள்ளை அடங்காத பிள்ளை அல்ல. அதன் நாக்கு, பழைய காவல்காரனைப் போலத் தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

இரண்டாவது காரணம், இந்தப் பழைய பசியை நன்கு அறிந்து வைத்திருக்கும் உணவுத் தொழிற்சாலைகள். இயற்கையில், தாய்ப்பாலைத் தவிர, இனிப்பும் கொழுப்பும் ஒன்றாக மிகுந்திருப்பது அரிது. வாழைப்பழத்தில் இனிப்பு உண்டு, கொழுப்பு இல்லை. நிலக்கடலையில் கொழுப்பு உண்டு, இனிப்பு சொற்பம். ஐஸ்கிரீமிலும் கிரீம் பிஸ்கட்டிலும் இரண்டும் சேர்ந்திருக்கின்றன. சர்க்கரையைக் கூட்டக் கூட ஒரு புள்ளிவரை விருப்பம் ஏறும், அதைத் தாண்டினால் இறங்கும். அந்த உச்சப் புள்ளியைக் கணக்கிட்டு நிறுவனங்களுக்குச் சொல்லித் தந்து புகழ்பெற்றவர் அமெரிக்காவின் ஹோவர்டு மாஸ்கோவிட்ஸ். அதாவது, சிப்ஸ் பொட்டலத்துக்கும் சுண்டல் கிண்ணத்துக்கும் நடக்கும் போட்டி சமமான போட்டி அல்ல. ஒரு பக்கம் ஆய்வுக்கூடம்; மறுபக்கம் வேலைக்குப் போய்த் திரும்பிய களைப்போடு அடுப்பங்கரையில் நிற்கும் ஒரு தாய்.

அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் நடத்திய ஆய்வு ஒன்று 2019-ல் வெளிவந்தது. 20 பேரை மருத்துவமனையிலேயே தங்க வைத்து, இரண்டு வாரம் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவையும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவையும், வேண்டிய மட்டும் உண்ணக் கொடுத்தார்கள். ஆலை உணவு உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள்; எடை சுமார் 900 கிராம் ஏறியது. மற்ற இரண்டு வாரங்களில் அதே அளவு இறங்கியது. இதில் வியப்பு என்னவென்றால், இரண்டு வகை உணவும் ருசியில் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதாக அவர்களே மதிப்பிட்டிருந்தார்கள். அப்படியானால், நல்ல உணவு ருசிக்காது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் மூன்றாவது காரணம் வருகிறது: நம் வாய்ச்சொல். டெக்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் இராஜகோபால் இரகுநாதனும் உடன் ஆய்வாளர்களும் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் நமக்குத் தெரிந்த மாம்பழ லஸ்ஸியும் இடம்பெற்றது. ஒரே லஸ்ஸிதான். சிலரிடம் அது உடலுக்கு நல்லது என்றார்கள். சிலரிடம் நல்லதல்ல என்றார்கள். 'நல்லதல்ல' என்று கேட்டவர்களே அதை அதிகம் ருசித்தார்கள். பிரான்சில் இதேபோன்ற ஆய்வு 2013-ல் வெளிவந்தபோது முடிவு தலைகீழானது. அங்கே நல்லது என்று சொல்லப்பட்டதே அதிகம் ருசித்தது. லஸ்ஸி மாறவில்லை. மக்கள் வளர்ந்த விதம்தான் வேறு.

நம் வீடுகளை எண்ணிப் பார்ப்போம். "உடம்புக்கு நல்லது" என்று நாம் எப்போது சொல்கிறோம்? பாயசம் பரிமாறும்போதா? பாகற்காய் பரிமாறும்போதுதானே! "கீரையைச் சாப்பிட்டால் சாக்லேட் தருவேன்" என்கிறோம். பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? கீரை தண்டனை, சாக்லேட் பரிசு. அழுதால் மிட்டாய், மதிப்பெண் வாங்கினால் கேக், காய்ச்சல் வந்தால் மட்டும் கஞ்சி. இப்படி நல்ல உணவை நோயோடும், கெட்ட உணவை மகிழ்ச்சியோடும் முடிச்சுப் போட்டவர்கள் நாமே.

முடிச்சுப் போட்ட கையால் அவிழ்க்கவும் முடியும். கருவுற்றிருந்தபோதோ பாலூட்டியபோதோ தாய் கேரட் சாறு குடித்து வந்தால், குழந்தை பின்னர் கேரட் கலந்த உணவை முகம் சுளிக்காமல் ஏற்பதாக 2001-ல் ஜூலி மெனெல்லா குழுவினர் காட்டினார்கள். உப்பைக் குறைத்து உண்டு வந்த பெரியவர்களுக்குச் சில மாதங்களில் குறைந்த உப்பே ருசிக்கத் தொடங்கியதை 1982-ல் வெளியான ஆய்வு சொன்னது. புதிய காய் ஒன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறைகூட ஆகலாம். நாமோ இரண்டாம் முறையே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

நல்ல உணவு சப்பென்றுதான் இருக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் நினைக்கவில்லை. பாகற்காய்க்குப் புளியும் துளி வெல்லமும் சேர்த்தார்கள். சுண்டலில் தேங்காயும் மாங்காயும் போட்டார்கள். முருங்கைக்கீரையைப் பருப்போடு கடைந்தார்கள்.

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் மதிப்பிட்டது. நம் பிள்ளைகளை அந்தக் கணக்கில் சேர்க்காதிருக்க, பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நாளை மாலை சுண்டலைத் தாளித்து வைக்கும்போது "உடம்புக்கு நல்லது" என்று சொல்லாமல் இருப்போம். நாமும் ஒரு கிண்ணம் எடுத்து, பக்கத்தில் அமர்ந்து, ரசித்துச் சாப்பிடுவோம். பிள்ளை முதல் நாள் தொடாமல் போகலாம். எட்டாம் நாள் கை நீட்டும்.