காவிரி கடலைத் தொடும் இடம்

குமாரபாளையத்துக் காவிரிப் படித்துறையில் ஐம்பது ஆண்டுகளாக ஒன்றாக நீராடி வருபவர்கள் அந்த இரு நண்பர்கள். ஒருவர் விசைத்தறி நடத்திப் பின்னர் தொழிலை மகனிடம் ஒப்படைத்தவர். மற்றவர் அவரைவிட மூன்று வயது இளையவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எதிர்க்கரையில் பவானி. அங்கே காவிரியும் பவானியும், கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் கலக்கும் கூடுதுறையில் சங்கமேசுவரர் வேதநாயகி அம்மையுடன் எழுந்தருளியிருக்கிறார். திருஞானசம்பந்தர் பாடிய திருநணா என்னும் தலம் இதுவே.

தறிக்காரப் பெரியவரின் மனைவி இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குனி மாதத்தில் காலமானார். அஸ்தியைக் கூடுதுறையில்தான் கரைத்தார்கள். அதன்பின் அவருக்கு ஒரே ஓர் ஆசை பிறந்தது. "இந்தத் தண்ணி கடலுக்குப் போய்ச் சேர்ற இடத்தை ஒரு தடவை பார்த்துடணுங்க வாத்தியாரே" என்று அடிக்கடி சொல்வார். முழங்கால் வலி ஒருபுறம், மகன் தனியே அனுப்பத் தயங்கியது ஒருபுறம் என்று நாள் தள்ளிப்போயிற்று. கார்த்திகை முதல் நாள் சனிக்கிழமையாக அமைந்த ஆண்டில் ஆசிரியர் பயணத்தை முடிவுசெய்துவிட்டார். ஈரோட்டில் இரவு ரயில் ஏறி, விடிந்தபோது இருவரும் மயிலாடுதுறையில் இறங்கினார்கள்.

அந்த நாளை ஆசிரியர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஐப்பசி மாதம் முழுவதும் கங்கை முதலான நதிகள் யாவும் தம் பாவம் நீங்கக் காவிரியில் வந்து நீராடுவதாக ஐதிகம். மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் அம்மாதம் நீராடுவது பெரும் புண்ணியம். ஐப்பசியின் கடைசி நாளைக் கடைமுகம் என்பர். நடக்க இயலாத ஓர் அடியார் தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்வதற்குள் கடைமுகமும் கடந்துவிட்டது. அவர் கலங்கி வேண்ட, மறுநாள் நீராடினாலும் அதே பலன் உண்டு என்று இறைவன் அருளினார். கார்த்திகை முதல் நாளுக்கு 'முடவன் முழுக்கு' என்று பெயர் வந்தது இப்படித்தான். வயதானவர்களுக்கென்றே இறைவன் ஒதுக்கிய நாள் என்று இதைச் சொன்னால் தவறில்லை.

"நம்ம ரெண்டு பேருக்கும் பொருத்தமான நாள்தாங்க அண்ணா" என்று ஆசிரியர் சொல்ல, பெரியவர் சிரித்தபடியே கைப்பிடியைப் பற்றிப் படியிறங்கினார். ஆற்றின் நடுவே மண்டபத்தில் அமர்ந்திருக்கும் நந்தியை வணங்கி இருவரும் முழுகினார்கள். பிறகு மயூரநாதர் ஆலயம். உமையம்மை மயில் உருவில் பூசித்த தலம். அபயாம்பிகை சந்நிதியில் பெரியவர் நெடுநேரம் நின்றார்.

அங்கிருந்து பூம்புகார் சுமார் 24 கிலோமீட்டர். பிற்பகல் பேருந்தில் இருபுறமும் சம்பா நடவு பச்சைப் பசேலென்று விரிந்து கிடந்தது. தூறலும் இருந்தது. பெரியவர் சன்னலோரம் அமர்ந்து வழியெல்லாம் வாய்க்கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார். "இத்தனை வாய்க்காலும் நம்ம தண்ணிதானுங்களா?" என்று ஒருமுறை கேட்டார்.

நம்ம தண்ணீர்தான். குமாரபாளையத்தில் அகன்று செல்லும் காவிரி, கொடுமுடி, கரூரைக் கடந்து முக்கொம்பை அடைகிறது. 1836இல் அங்கே மேலணை கட்டப்பட்டது. கொள்ளிடம் அங்கே பிரிந்துவிடுகிறது. அப்பால் கரிகாலன் பெயர் சொல்லும் கல்லணையில் வெண்ணாறு பிரிகிறது. 1934இல் வெட்டி முடிக்கப்பட்ட கல்லணைக் கால்வாயும் பிரிகிறது. அதன்பின் திருவையாறு, கும்பகோணம் என்று ஊருக்கு ஊர் பங்கிட்டுக் கொடுத்துக்கொண்டே வருகிறாள் காவிரி. பூம்புகாருக்கு அருகில் மேலையூரில் கடைசிக் கதவணை. அதையும் தாண்டி மிஞ்சுவதே கடலுக்கு.

ஞாயிறு விடியலில் இருவரும் சங்கமத்துறைக்குச் சென்றார்கள். பெரியவர் அங்கே கண்ட காட்சிக்கு ஆயத்தமாக வரவில்லை. ஊரில் பாலத்தின்மேல் நடந்து கடக்க வேண்டிய ஆறு, இங்கே ஒரு வாய்க்கால் அளவுக்கு மெலிந்து, மணல் திட்டுகளுக்கு இடையே ஓசையின்றிக் கடலுக்குள் நழுவிக்கொண்டிருந்தது. "இவ்வளவுதானா?" என்றார். பிறகு பேசவில்லை.

பக்கத்தில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த மீனவ முதியவர் ஒருவர்தாம் பேச்சைத் தொடர்ந்தார். "இப்ப மழைக்காலம், ஆத்து வாய் தொறந்திருக்கு ஐயா. பங்குனி, சித்திரையில வந்து பாருங்க. மணல் மூடிக்கும். தண்ணியும் இங்க வராது."

பெரியவர் திரும்பி ஆசிரியரைப் பார்த்தார். பங்குனி என்ற சொல் அவரை எங்கே தொட்டது என்பது ஆசிரியருக்குப் புரிந்தது. பாசனத்துக்கு மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவதுதான் நெடுநாள் வழக்கம். பங்குனியில் கூடுதுறையில் விட்டது, அந்தக் கோடையில் இங்கே வந்திருக்க வழியில்லை.

"அப்போ அவ இங்க வரவே இல்லீங்களா வாத்தியாரே?"

கூடுதுறையே முக்தி தரும் சங்கமம், அங்கே கரைத்த பிறகு குறையொன்றும் இல்லை என்று ஆசிரியர் எடுத்துச் சொன்னார். சாத்திரப்படி அது சரியே. ஆனால் நாற்பது ஆண்டுகள் உடன் வாழ்ந்தவளைப் பற்றிய கேள்விக்குச் சாத்திரம் மட்டும் விடையாகிவிடாது. பெரியவர் ஆற்று நீரில் இறங்கித் தலைக்கு நீர் வார்த்துக்கொண்டு கரையேறினார். முகத்துவாரத்தில் அலையின் இழுப்பு மிகுதி; கடலில் இறங்காமல் இப்படி ஆற்றோரமாக நீராடுவதே முதியோருக்கு நல்லது.

பழைய புகார் நகரைக் கடல் கொண்டதாக மணிமேகலை கூறுகிறது. 1960களில் நடந்த அகழாய்வில் கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. 1973இல் திறக்கப்பட்ட ஏழுநிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை நண்பர்கள் வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டு பல்லவனீச்சரம் சென்றார்கள். பட்டினத்தார் பிறந்த ஊர் இது. ஆடி மாதத்தில் அவர் பெயரால் இங்கே திருவிழா நடைபெறும். இந்தத் தலத்தையும் சம்பந்தர் பாடியிருக்கிறார். காவிரியின் அந்தக் கோடியில் திருநணாவைப் பாடிய பிள்ளை இந்தக் கோடியிலும் பாடியிருப்பதை ஆசிரியர் சொன்னபோது, காலையிலிருந்து வாடியிருந்த பெரியவரின் முகம் சற்றே தெளிந்தது.

அடுத்து சாயாவனம். கோச்செங்கட் சோழன் எழுப்பிய மாடக்கோயில். இறைவி குயிலினும் இன்மொழியம்மை. வில்லேந்திய வேலவரின் அழகைக் காணக் கண் கோடி வேண்டும். அடியார் கேட்டதை இல்லையென்று சொல்லாத புகார் வணிகர் இயற்பகை நாயனார் வீடுபேறு அடைந்த தலம் இது. அங்கிருந்து திருவெண்காடு. காசிக்கு நிகராகக் காவிரிக்கரையில் சொல்லப்படும் ஆறு தலங்களுள் மயிலாடுதுறை, சாயாவனம், திருவெண்காடு ஆகிய மூன்றும் இவ்வாறு இரண்டே நாளில் அவர்களுக்கு வாய்த்தன.

திருவெண்காட்டில் புதனை வழிபடவே பெரும்பாலோர் வருகின்றனர். சூரிய, சந்திர, அக்கினி தீர்த்தங்களில் நீராடி, அகோரமூர்த்தியையும் தரிசித்துச் செல்கின்றனர். ஆலமரத்தடியில் உள்ள ருத்ர பாதத்தை அவசரத்தில் விட்டுவிடுபவர் பலர். முன்னோருக்குச் செய்யும் கடன்களுக்கு மிக உயர்ந்த இடம் அது. பெரியவர் அங்கே அமர்ந்து, அர்ச்சகர் சொல்லச் சொல்ல மனைவியின் பெயரைக் கூறி எள்ளும் நீரும் இறைத்தார். பெயரைச் சொல்லும்போது குரல் உடைந்தது, அர்ச்சகர் காத்திருந்தார்.

மாலை மயிலாடுதுறைக்குத் திரும்பும் பேருந்திலும் அவர் சன்னலோரந்தான். மழை விட்டு, வயல்களில் நீர் மின்னிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து, "அவ காட்டு வேலை செஞ்ச குடும்பத்துல பொறந்தவ. கல்யாணமாகி வந்ததுலேர்ந்து தறிச் சத்தத்துலயே இருந்துட்டா. வயலைப் பார்க்கோணும்னு சொல்லிக்கிட்டே இருப்பா" என்றார். ஆசிரியர் வெளியே பார்த்தார். கடலுக்கு வராத நீர் நின்ற இடம் அதுதான்.

ரயிலில் படுக்கையை விரிக்கும்போது பெரியவர் கேட்டார்: "மேட்டூர் தொறக்கறது ஜூன் பன்னெண்டுன்னுதானே சொன்னீங்க?"

"ஆமாங்க அண்ணா."

"அன்னைக்குக் கூடுதுறையில ரெண்டு முழம் மல்லிகை விடோணும். நீங்களும் வந்துடுங்க."