நிலையம் இல்லாத இடத்தில் வண்ணம்

குளிர்காலம் வந்தால் தில்லி நகரின் காற்று மாசைக் காட்டும் வரைபடங்கள் செய்தித்தாள்களில் வெளிவருவதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள், சிவப்பு, கருஞ்சிவப்பு என நகரம் முழுவதும் வண்ணம் நிரம்பியிருக்கும், வெற்றிடமே இராது. ஆனால் தில்லியின் பரப்பு 1,484 சதுர கிலோமீட்டர். அங்குள்ள தானியங்கி அளவீட்டு நிலையங்களோ ஏறத்தாழ 40. அதாவது 37 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. அப்படியானால் நிலையம் இல்லாத இடங்களுக்கு வண்ணம் எங்கிருந்து வந்தது?

கணிப்பொறியின் கணக்கிலிருந்து வந்தது! தெரிந்த இரண்டு எண்களைக் கொண்டு இடையிலுள்ள எண்ணைக் காண்பதை இடைச்செருகல் என்கிறோம். அதையே நிலப்பரப்பின் மீது செய்யும் ஒரு முறையை, டொனால்டு ஷெப்பர்டு என்பவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோதே, 1968-இல் வெளியிட்டார். இன்றைய வரைபட மென்பொருள்களிலும் அது இருக்கிறது. அருகிலுள்ள நிலையத்திற்கு அதிக எடை, தொலைவிலுள்ளதற்குக் குறைந்த எடை. இதுதான் அதன் அடிப்படை.

கணக்கைப் போட்டே பார்ப்போம். 'அ' நிலையத்தில் நுண்துகள் அளவு கனமீட்டருக்கு 52 மைக்ரோகிராம்; 'ஆ' நிலையத்தில் 112. ஒரு பள்ளி 'அ'விலிருந்து 1 கி.மீ., 'ஆ'விலிருந்து 2 கி.மீ. தொலைவில் உள்ளது. தொலைவின் வர்க்கத்திற்கு எதிர் விகிதத்தில் எடை கொடுத்தால், 'அ'வுக்கு 1, 'ஆ'வுக்கு 1/4. எனவே பள்ளியில் மாசு (52 + 28) ÷ 1.25 = 64.

ஈர்ப்பு விதியிலும் வர்க்கம் வருகிறதே என்பீர்கள். அங்கே அது இயற்கையின் விதி. இங்கே நாம் வசதிக்காக வைத்துக்கொண்டது. வர்க்கத்திற்குப் பதில் கனம் என்று கொடுத்துப் பாருங்கள். எடைகள் 1, 1/8 ஆகும். விடை (52 + 14) ÷ 1.125, அதாவது ஏறத்தாழ 59. இந்தியாவில் 2.5 மைக்ரான் வரையுள்ள நுண்துகளுக்கு 24 மணி நேர வரம்பு 60. ஒரு படத்தில் பள்ளி வரம்பைத் தாண்டுகிறது, மற்றதில் தாண்டவில்லை! காற்றோ ஒரே காற்றுதான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. வகுப்பில் மிக உயர்ந்த மதிப்பெண் 90 என்றால் சராசரி 95 ஆகுமா? இந்த முறையும் ஒரு சராசரிதான். இரு நிலையங்களுக்கும் நடுவே ஒரு செங்கல் சூளை புகைந்து, அங்கே உண்மை அளவு 300 ஆக இருந்தாலும், படம் 52-க்கும் 112-க்கும் இடைப்பட்ட எண்ணையே காட்டும். சூளையருகே குடியிருப்பவரின் இருமல் அதில் தெரியாது. காற்று எத்திசையில் வீசுகிறது என்பதையும் இக்கணக்கு கேட்பதில்லை. காற்றோட்டத்தையும் சாலைப் போக்குவரத்தையும் சேர்த்துக்கொள்ளும் முறைகள் உண்டு. ஆனால் அவற்றுக்கு மேலும் பல விவரங்கள் தேவை.

படத்தை எவ்வளவு நம்பலாம் என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு நிலையத்தின் அளவை மறைத்துவிட்டு, மற்றவற்றைக் கொண்டு அவ்விடத்து மாசைக் கணக்கிட வேண்டும். பிறகு மறைத்த எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பெரிதும் விலகினால் அப்பகுதியின் வண்ணத்தை நம்புவதற்கில்லை. இதற்கு 2002-இல் தொடங்கப்பட்ட க்யூஜிஐஎஸ் என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. கணிப்பொறி இல்லையா? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடும் எண்களில் ஐந்து நிலையங்களுடையதை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத் தாளும் அளவுகோலும் போதும்.